முடிவு எங்கள் கட்டுத்தறிக்கு வரவேயில்லை

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில், கால்நடைகளிலும் பாலிலும் மைக்கோபாக்டீரியத் தொற்றைக் கண்டறிவது குறித்த அமர்வில் பார்வையாளராக அமர்ந்திருந்தேன். மொழியியல் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்டனர். எல்லைப்புறத் தமிழில் கால்நடை சார்ந்த சொற்களே என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். நோய்ப்பெயர்களுக்காகப் போனேன். உரை நிகழ்த்தியவர் நன்றாகப் பேசினார். ஆய்வகப் பகுதி தெளிவாக இருந்தது. இறுதியில் தம் ஆய்வின் வரம்புகளைப் பட்டியலிட்டார். அதில் ஒரு வரி: "விவசாயிகளின் ஒத்துழைப்பின்மை." அரங்கில் பலர் அனுபவப்பட்டவர்களைப் போலத் தலையசைத்தனர். கேள்வி நேரத்தில் நான் கையுயர்த்தினேன். நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பெருமாட்டியைச் சேர்ந்தவர். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரம், சித்தூர் வட்டம். எங்களுக்குப் பள்ளி மலையாளம், வீடு தமிழ், சந்தை பொள்ளாச்சி. அம்மா இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறார். காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். என் முதுகலைப் படிப்புக்கான கட்டணம் அந்தப் பால் கணக்கிலிருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு எங்கள் தெருவுக்கு வந்தது. எந்த நிறுவனம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இது ஒரு நிறுவனத்தின் குற்றம் மட்டுமாக இருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. மாட்டின் கழுத்திலிருந்து இரத்தமும் மடியிலிருந்து பாலும் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளில் அப்பா கையொப்பமிட்டார். அப்பாவுக்குத் தமிழும் மலையாளமும் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. முடிவு எப்போது வரும் என்று கேட்டதற்கு, "தகவல் சொல்வோம்" என்றார்கள். தகவல் வரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு வீட்டுக்கு வந்த இளைஞர் ஒருவர், போகிற போக்கில் எங்கள் செவலை மாட்டைக் காட்டி, "அதைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க அம்மா" என்றார். "தம்பி, மாட்டுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று அம்மா கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அனுமதி இருந்திராது என்று இப்போது புரிகிறது.

அந்த மாடு ஏற்கனவே இளைத்துக்கொண்டிருந்தது; தீனி எடுத்தும் உடம்பு ஒட்டவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தரகரை வரச் சொல்லி அதைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு அனுப்பினோம். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். வாங்கியவர் மாட்டின் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். நுரையீரலைப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. அந்த மாடு இப்போது யார் கட்டுத்தறியில் நிற்கிறது, அல்லது நின்று முடிந்தது என்று எனக்குத் தெரியாது. அதன் பக்கத்தில் படுத்திருந்த கன்றுகளையும் அதைக் கறந்த கைகளையும் பற்றிப் பல இரவுகள் நினைத்திருக்கிறேன். எங்கள் குடும்பம் அதில் குற்றமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாட்டைச் சந்தைக்கு அனுப்பியதில் அந்த அரைகுறைச் சோதனைக்கும் பங்குண்டு. இந்தப் பதிவின் வாதம் இதுதான்: முடிவைத் தாங்கிக்கொள்ள உரியவருக்கு வழி செய்யாத கண்டறிதல் நோயைக் கட்டுப்படுத்துவதில்லை, அதை இடம் மாற்றுகிறது.

நோய் சிறியதன்று. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இந்தியாவில் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, மாடுகளில் காசநோய்த் தொற்று ஏறத்தாழ 7.3 விழுக்காடு என்றும், தொற்றுள்ள மாடுகள் சுமார் 2 கோடியே 18 லட்சம் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள உறவு என்ன என்பதே நம் காலத்தின் முக்கியமான ஆய்வுக் கேள்விகளுள் ஒன்று. அதைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன்.

இந்தத் துறையின் வரலாறு, பெரியவர்களும் தவறக்கூடும் என்பதையும் காட்டுகிறது. 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்த ராபர்ட் கோக், 1901இல் லண்டன் மாநாட்டில் மாட்டின் காசநோய் மனிதருக்குப் பொருட்படுத்தத்தக்க ஆபத்தில்லை என்றார். பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் பத்தாண்டு உழைத்து, 1911இல் அதை மறுத்தது. பால்வழித் தொற்று, குறிப்பாகக் குழந்தைகளில், உண்மை என்று நிறுவியது. அதன்பின் நூறாண்டு, மாட்டிலிருந்து வரும் காசநோய் என்றால் மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்றே உலகம் தேடியது. 2020இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் 940 நோயாளி மாதிரிகளை ஆராய்ந்தபோது போவிஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தடுப்பூசி வகையை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் ஏழு மாதிரிகளில் மைக்கோபாக்டீரியம் ஓரிஜிஸ் இருந்தது. முதலில் ஓரிக்ஸ் என்ற மானினத்தின் பெயரால் அறியப்பட்ட கிருமி அது. சென்னையில் மாடுகளிலிருந்தும் அதே கிருமி பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. போவிஸை மட்டும் தேடியிருந்தால், "நம் நாட்டில் மாட்டிலிருந்து மனிதருக்குப் பரவவில்லை" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

ஆய்வகத்தின் கருவிகளும் இப்படித்தான். கிளிசரின் சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் மனிதக் காசநோய்க் கிருமி செழிக்கும், போவிஸ் தயங்கும். பைருவேட் சேர்த்த ஊடகமும் வைத்திருந்தால்தான் அது கண்ணில் படும். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள மூலக்கூறுச் சோதனைக் கருவி, காசநோய்க் கிருமிக் குடும்பம் இருக்கிறதா, முதன்மை மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று சொல்லும். கிருமி மாட்டிலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா என்று சொல்லாது. ஆகவே "இல்லை" என்ற முடிவுக்குப் பின்னால் "எதைக் கொண்டு தேடினோம்" என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது. இதை ஆய்வர்கள் அறிவார்கள். என் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

மாட்டுக்குச் செய்யும் தோல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துத் தோலின் தடிமனை அளந்து, டியூபர்குலின் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து மீண்டும் வந்து அளக்க வேண்டும். சூழலில் உள்ள மற்ற மைக்கோபாக்டீரியங்களால் பொய்யான வீக்கம் வரக்கூடும் என்பதால், பறவை வகை டியூபர்குலினையும் பக்கத்தில் போட்டு ஒப்பிடுவார்கள். நோய் முற்றிய மாடு சிலவேளை எதிர்வினையே காட்டாது. அண்மையில் கன்று ஈன்ற மாடும் அப்படியே. கொரோனாவுக்குப் பின் "பாசிட்டிவ்" என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும். சிக்கல் "நெகட்டிவ்" என்ற சொல்லில் இருக்கிறது. அம்மா அதை "நோய் இல்லை" என்று படிப்பார். அது சொல்வதோ "இந்தச் சோதனையில், இன்று, தென்படவில்லை" என்பது. இந்த வேறுபாட்டை ஒரு வரியில், ஊர்த்தமிழில் எழுதித் தருவது முனைவர் பட்டம் கோரும் வேலையன்று. அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்பதே என் குறை.

நோயின் பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. "காசம்" என்றால் இருமல். அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர் இருமலைத் தேடுவார். பால்வழி வரும் தொற்றோ பெரும்பாலும் நுரையீரலுக்கு வெளியே, கழுத்துக் கணுக்களிலும் குடலிலும் தங்கும். கழுத்தில் கட்டி கட்டியாக வருவதற்குத் தமிழ் மருத்துவம் "கண்டமாலை" என்று தனிப்பெயர் வைத்திருந்தது. எங்கள் பாட்டி தலைமுறைக்கு அந்தச் சொல் தெரியும். "எலும்புருக்கி" என்ற பழைய பெயரும் இளைப்பைச் சொல்கிறது, இருமலைச் சொல்லவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்தில் "க்ஷயம்", தேய்வு. ஊரில் பேசிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: "மாட்டுக்குக் காசம் வருமா?" என்றால் பெரும்பாலோர் சிரிக்கிறார்கள். "மாடு தீனி தின்றும் தேய்ந்து போவதுண்டா?" என்றால் ஒவ்வொருவரும் ஒரு மாட்டின் கதையைச் சொல்கிறார்கள். உங்கள் கேள்வித்தாள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு, "விழிப்புணர்வு குறைவு" என்று முடிவெழுதுகிறது.

"நாம்தான் பாலைக் காய்ச்சிக் குடிக்கிறோமே" என்று கருத்தரங்கில் ஒருவர் சொன்னார். உண்மை, அந்தப் பழக்கம் எத்தனையோ பேரைக் காத்திருக்கிறது. 72 பாகையில் 15 நொடி சூடாக்கும் பால்பண்ணை முறையும் காசநோய்க் கிருமியைக் கொல்கிறது. ஜோனீஸ் நோய்க்குக் காரணமான பாராடியூபர்குலோசிஸ் வகை சிறிதளவு தப்பிவிடுகிறது என்று பிரிட்டனில் கடைப்பாலைச் சோதித்தபோது தெரிந்தது. மனிதரின் குடல் நோயோடு அதற்கு உள்ள தொடர்பு பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் காய்ச்சிய பால் குடிப்பவரைக் காக்குமே தவிர, கறப்பவரைக் காக்காது. விடியலில் மாட்டின் விலாவில் தலை சாய்த்து அமர்பவர், அது விடும் மூச்சைத்தான் இழுக்கிறார். எதிர்த்திசையிலும் நடக்கிறது: மனிதக் காசநோய்க் கிருமி நம் நாட்டு மாடுகளில் கிடைத்திருக்கிறது. இருமுகிற மனிதரும் இளைக்கிற மாடும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கண்டறிவது ஆய்வருக்கு வெளியீடு. எங்களுக்கு அது வீட்டுக்குள் விழும் பழி.

மீனாட்சிபுரத்தில் பால் சோதனைச் சாவடி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டிகளை நிறுத்திக் கலப்படத்துக்குச் சோதிக்கிறார்கள். ஓணக் காலத்தில் செய்தியாளர்கள் வருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். பாலுக்கு எல்லையில் காவல் உண்டு. ஆனால் பாலைத் தரும் மாடு எந்த நுரையீரலோடு எல்லையைக் கடக்கிறது என்று கேட்பாரில்லை.

சட்டம் இல்லாமலில்லை. கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மாட்டுக் காசநோயைத் தன் அட்டவணையில் வைத்திருக்கிறது; நோய் இருக்கலாம் என்று கருதும் உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2019இல் 13,343 கோடி ரூபாயில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமோ கோமாரியையும் புரூசெல்லோசிஸையும் எடுத்துக்கொண்டது. மாட்டுக் காசநோய் அதில் இல்லை. காசநோயை 2025க்குள் ஒழிப்போம் என்று நாடு முழுவதும் சுவரெழுத்து எழுதியபோதும் அந்தச் சுவர்களில் மாடு இல்லை. கடமை மாட்டுக்காரருக்கு, இழப்பும் அவருக்கே. இந்த நிலையில் "ஒத்துழைப்பின்மை" என்று நீங்கள் எழுதுவது எங்கள் மொழியில் "பிழைப்பு".

வேறு வழி உண்டு என்பதற்கு உலகில் சான்று இருக்கிறது. அமெரிக்கா 1917இல் மாட்டுக் காசநோய் ஒழிப்பைத் தொடங்கியபோது, கொல்லப்படும் மாட்டுக்கு இழப்பீட்டையும் சேர்த்தே தொடங்கியது. 1940 வாக்கில் சுமார் 38 லட்சம் மாடுகளை அகற்றி, ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்த தொற்றை அரை விழுக்காட்டுக்கும் கீழே இறக்கியது. அப்படியிருந்தும் 1931இல் அயோவா மாநிலத்தின் சீடர் கவுண்டியில் விவசாயிகள் சோதனையை எதிர்த்துத் திரண்டார்கள். ஆளுநர் படையை அனுப்ப நேர்ந்தது. பணம் கொடுத்த நாட்டிலேயே இதுதான் நிலை. பணமும் கொடுக்காமல், முடிவும் சொல்லாமல், எங்கள் தெருவிலிருந்து புன்னகையை எதிர்பார்க்கிறீர்கள்.

கேரளத்துக்கு இழப்பீடு புதிதன்று. குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்து வாத்துகளைக் கொன்றபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய் என்று அரசு கணக்கிட்டுக் கொடுத்தது. போதுமா என்பது வேறு, கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. கலப்பின மாட்டை எங்கள் கட்டுத்தறிக்குக் கொண்டுவந்ததும் அரசுதான். 1963இல் இடுக்கியின் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய சுவிஸ் திட்டத்தின் பிள்ளைகளே இன்று கேரளத்தில் பால் தரும் மாடுகளில் பெரும்பகுதி. அவை நிறையக் கறக்கின்றன. நாட்டு மாடுகளைவிட இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. பாலின் பெருமையை ஏற்ற அரசு, நோயின் செலவிலும் பங்கேற்க வேண்டும்.

முடிவுகளை நம்பி ஏமாந்த ஊர் எங்களுடையது என்பதையும் நினைவூட்டுகிறேன். பிளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்துதான். கொக்கக் கோலா ஆலையின் கசடை உரம் என்று சொல்லி வயலில் போடக் கொடுத்தார்கள். 2003இல் பிபிசி வானொலி அந்தக் கசடை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்தபோது காட்மியமும் ஈயமும் தெரிந்தன. 2004இல் ஆலை நின்றது. 2010இல் உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011இல் சட்டசபை தீர்ப்பாயத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. போராட்டத்தை நடத்திய மயிலம்மா 2007இலேயே மறைந்துவிட்டார். ஆய்வக முடிவு உலகம் முழுதும் போயிற்று. ஆய்வுக் கட்டுரைகள் வந்தன, பட்டங்கள் வாங்கப்பட்டன. இழப்பீடு மட்டும் வரவில்லை. இந்த ஊரில் ஊசியோடும் குப்பியோடும் வருகிறவரை மக்கள் சற்றுத் தயங்கிப் பார்த்தால், அதை அறியாமை என்று எழுதாதீர்கள். அது அனுபவம்.

எதிர்வாதங்களைக் கேட்டிருக்கிறேன். தனிப்பட்ட முடிவைச் சொன்னால் பீதி பரவும், பால் விலை விழும் என்பார்கள். எங்கள் பதற்றம் முடிவால் வரவில்லை. பாதிச் சொல்லால் வந்தது. "பார்த்துக்கோங்க" என்ற ஒரு சொல்தான் அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டியது. "நாங்கள் ஆய்வர்கள், இழப்பீடு அரசின் வேலை" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவைத் தெரிவிப்பது உங்கள் வேலை. ஆய்வு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் அதற்கொரு தொகை ஒதுக்குவது உங்கள் வேலை. வரம்புகள் பட்டியலில் "இழப்பீட்டுத் திட்டமின்மை" என்று எழுதுவதும் உங்கள் வேலை. அந்த ஒரு வரியை எழுதப் பணம் வேண்டாம். "மாட்டைக் கொல்வது இந்நாட்டில் அரசியல், ஆகவே ஒன்றும் செய்ய இயலாது" என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். தொற்றுள்ள மாட்டைத் தனியே கட்டுவது, கன்றுக்குக் காய்ச்சிய பாலைக் கொடுப்பது, வீட்டாரை மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதிப்பது ஆகியவற்றுக்குக் கத்தி தேவையில்லை. தடுப்பூசியும் மீண்டும் பேசப்படுகிறது. நம் தோளில் தழும்பாக இருக்கும் பி.சி.ஜி., மாட்டுக் கிருமியைப் பதின்மூன்று ஆண்டு வலுவிழக்கச் செய்து 1921இல் மனிதருக்குக் கொடுக்கப்பட்டதுதான். அதை மாட்டுக்கே கொடுத்துப் பார்த்த எத்தியோப்பிய ஆய்வு 2024இல் நம்பிக்கையூட்டும் முடிவுகளைத் தந்தது. மாட்டிடமிருந்து வாங்கிய கடனை மாட்டுக்குத் திருப்பும் காலம் நெருங்குகிறது என்றே நினைக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒப்புதல் படிவம் கையொப்பமிடுபவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். பெருமாட்டியில் அது தமிழும் மலையாளமும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுத இடமளிக்கும்போது, பல்கலைக்கழகத்துக்கு ஏன் முடியாது? முடிவு எழுத்தில், நாள் குறித்து, "நெகட்டிவ்" என்பதன் உண்மைப் பொருளோடு வீடு வந்து சேரட்டும். முடிவு சொல்லும் நாளில் கால்நடை மருத்துவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரும் ஒன்றாக வரட்டும். மாட்டுக்கும் மனிதருக்கும் தனித்தனித் துறை இருப்பது கிருமிக்குத் தெரியாது. இழப்பீட்டுக்கு வழியில்லாத இடத்தில், தனித்தனி மாட்டுக்குப் பெயர் சூட்டும் ஆய்வைச் செய்யும் முன், நெறிமுறைக் குழு ஒரு கேள்வி கேட்கட்டும்: "பாசிட்டிவ் என்று வந்தால் அந்த வீட்டார் மறுநாள் காலை என்ன செய்வார்கள்?" விண்ணப்பத்தில் அதற்குப் பதில் இல்லையென்றால், அந்த ஆய்வு இன்னும் தயாராகவில்லை.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களில் யாரேனும் சித்தூர் வட்டாரத்தில் மாதிரி எடுத்தவராக இருக்கலாம். உங்கள் ஆய்வகத்தின் உறைபெட்டியில், குறியீட்டெண் ஒட்டிய ஒரு சிறு குப்பியில், எங்கள் செவலையின் இரத்தம் இன்னும் இருக்கக்கூடும். மாடு போய்விட்டது. அதைக் கறந்தவர் இருக்கிறார். கன்று வளர்ந்து இப்போது கறவையில் இருக்கிறது. பழைய பதிவேட்டைத் திறந்து, இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள், அம்மா தானே படித்துக்கொள்வார்.